கோடையில் தளரும் கிராபிக்ஸ் கார்டு: குறையின் மூலத்தைக் காணும் முறை

கம்ப்யூட்டர் விளையாட்டுக்களில் தோன்றும் காடுகளையும் மலைகளையும் விரைந்து செல்லும் வாகனங்களையும் கணந்தோறும் வரைந்து திரைக்கு அனுப்பும் சாதனம் கிராபிக்ஸ் கார்டு எனப்படும். இச்சாதனத்தைப் பொறுத்தவரை ஹைதராபாத் நகருக்கு இருவகைத் தொடர்பு உண்டு. இத்தகைய கார்டுகளின் சில்லுகளை உருவாக்கும் என்விடியா, ஏ.எம்.டி. ஆகிய இரு கம்பெனிகளும் அந்நகரில் பொறியியல் நிலையங்களை நடத்தி வருகின்றன. செகந்தராபாத்தின் பார்க்லேன் பகுதியிலுள்ள செனாய் டிரேட் சென்டர், கம்ப்யூட்டர் உறுப்புக்களின் விற்பனைக்கும் பழுது பார்ப்பதற்கும் பெயர்பெற்ற இடமாகும். கார்டு வடிவமைக்கப்படும் நகரமாகவும், அது விற்பனையாகிப் பயன்பட்டுப் பழுதாகும் நகரமாகவும் ஹைதராபாத் விளங்குகிறது.

தக்காணப் பீடபூமியில் அமைந்த இந்நகரில் ஏப்ரல், மே மாதங்களின் பிற்பகல் உஷ்ணம் 40 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டுவது அரிதன்று. அக்காலத்தில் எழக்கூடிய ஒரு சந்தர்ப்பத்தைக் கற்பனை செய்து கொள்வோம். ஒரு கல்லூரி மாணவன் மொட்டை மாடிக்கு நேர்க் கீழேயுள்ள அறையில் தன் கம்ப்யூட்டரை வைத்திருக்கிறான். ஜனவரியில் வினாடிக்கு 60 படங்களைக் காட்டிய அதே விளையாட்டு, ஏப்ரலில் 40 படங்களையே காட்டுகிறது; காட்சி தடுமாறுகிறது. கார்டு பழையதாகிவிட்டது, புதியது வாங்க வேண்டும் என்று நண்பர்கள் கூறுகின்றனர். நடுத்தரக் குடும்பம் ஒன்றுக்குப் புதிய கார்டின் விலை ஒரு மாதச் சம்பளத்திற்குச் சமமாகவும் அதற்கு மேலாகவும் இருக்கக்கூடும். அத்தொகையைச் செலவிடுமுன், குறை கார்டில்தான் உள்ளதா என்பதை அளந்து அறிவது அவசியம். அதற்கான முறை எளியது; பள்ளி ஆசிரியர்களும் கள அலுவலர்களும் விசேஷக் கருவி எதுவுமின்றிக் கையாளத்தக்கது.

கார்டு செய்யும் வேலை

சினிமாப் படச்சுருளில் வினாடிக்கு 24 படங்கள் ஓடுவதைப் பலரும் அறிவர். விளையாட்டிலும் அசைவு என்பது அடுத்தடுத்து வரும் நிலைப் படங்களின் தொகுதியே. ஆனால் சினிமாவில் படங்கள் முன்னரே எடுக்கப்பட்டவை. விளையாட்டிலோ ஒவ்வொரு படமும் அந்தந்தக் கணத்தில் புதிதாக வரையப்பட வேண்டும். வினாடிக்கு 60 படங்கள் வேண்டுமெனில், ஒரு படத்திற்குக் கிடைக்கும் அவகாசம் சுமார் 16.7 மில்லிவினாடி மட்டுமே.

இவ்வேலையைக் கார்டு தனித்துச் செய்வதில்லை. விளையாட்டில் எந்தப் பொருள் எங்கு நகர்ந்தது என்பதைக் கம்ப்யூட்டரின் பிராசஸர் முதலில் கணக்கிட்டுக் கட்டளைகளைத் தயாரிக்கிறது. கார்டு அக்கட்டளைகளின்படி படத்தை வரைகிறது. மானிட்டர் அதனைக் காட்டுகிறது. பிராசஸர் ஒரு படத்தை வரைந்து முடிக்கும்வரை காத்திராமல் அடுத்த படத்திற்கான கணக்கைத் தொடங்கிவிடுவதால், இருவரின் வேலையும் ஏககாலத்தில் நடைபெறுகிறது. ஆகவே மொத்த வேகத்தை நிர்ணயிப்பது மிக மெதுவாக இயங்கும் உறுப்பேயாகும்.

ஓர் உதாரணத்தால் இது விளங்கும். ஒரு படத்திற்கான கணக்கை முடிக்கப் பிராசஸருக்கு 25 மில்லிவினாடியும், அதை வரையக் கார்டுக்கு 12 மில்லிவினாடியும் ஆகின்றன என்று கொள்வோம். அப்பொழுது கிடைப்பவை வினாடிக்கு 40 படங்கள். கார்டு தன் நேரத்தில் சுமார் பாதியைச் சும்மா கழிக்கிறது. 6 மில்லிவினாடியில் வரையவல்ல புதிய கார்டை வாங்கிப் பொருத்தினாலும் 40 படங்களே கிடைக்கும். செலவு வீணாகும், குறையும் நீங்காது.

அளக்க வேண்டியவை நான்கு

விண்டோஸில் உள்ள டாஸ்க் மானேஜர், கார்டு எவ்வளவு நேரம் வேலை செய்கிறது என்பதைச் சதவிகிதமாகக் காட்டும். 2020ஆம் ஆண்டுக்குப் பிந்திய பதிப்புக்களில் கார்டின் உஷ்ணநிலையையும் அதிலேயே காணலாம். என்விடியா கார்டுகளுக்கு என்விடியா-எஸ்.எம்.ஐ. என்னும் கட்டளை உள்ளது. எம்.எஸ்.ஐ. ஆப்டர்பர்னர் போன்ற இலவச மென்பொருள்கள் விளையாட்டு நடக்கும்பொழுதே அளவுகளைத் திரையின் ஓரத்தில் காட்டும். குறித்துக்கொள்ள வேண்டியவை நான்கு: கார்டின் வேலைச் சதவிகிதம், உஷ்ணநிலை, மெகாஹெர்ட்ஸில் அதன் வேகம், வாட்டில் அது கொள்ளும் மின்சாரம். அறையின் உஷ்ணநிலையையும் சாதாரண வெப்பமானியால் உடன் குறித்துக்கொள்ள வேண்டும்.

இவற்றுள் முதலில் நோக்கவேண்டியது வேலைச் சதவிகிதம். அது 95க்கு மேல் இருந்தால் கார்டு முழுமூச்சாக உழைக்கிறது என்றும், 50, 60 என்ற அளவில் இருந்தால் கார்டு வேறொன்றிற்காகக் காத்திருக்கிறது என்றும் பொதுவாகக் கொள்ளலாம். ஆராய்ச்சி இவ்விடத்தில் இரு கிளைகளாகப் பிரிகிறது.

கருவியின்றியே செய்யத்தக்க ஒரு பரிசோதனையும் உண்டு. விளையாட்டின் அமைப்புக்களில் படத்தின் நுணுக்கத்தை 1920க்கு 1080 புள்ளிகளிலிருந்து 1280க்கு 720 புள்ளிகளாகக் குறைத்துப் பார்க்கலாம். வரையவேண்டிய புள்ளிகள் 20,73,600இலிருந்து 9,21,600 ஆகக் குறைகின்றன. வேகம் நன்றாக உயர்ந்தால், தடை கார்டிடம் இருந்தது எனலாம். வேகம் சிறிதும் மாறாவிடில் தடை வேறிடத்தில் உள்ளது.

கார்டு காத்திருக்கும்பொழுது

கார்டின் வேலைச் சதவிகிதம் குறைவாக இருப்பின் கீழ்க்கண்டவற்றை வரிசையாகச் சோதிக்க வேண்டும்.

முதலாவது, மானிட்டர் கேபிள். கம்ப்யூட்டரின் பின்புறத்தில் மதர்போர்டுக்குரிய துளையும் கார்டுக்குரிய துளையும் தனித்தனியே உள்ளன. கேபிளைத் தவறுதலாக மதர்போர்டின் துளையில் செருகிவிட்டால், பிராசஸருடன் இணைந்த சிறிய வரைபடச் சில்லே பல சமயம் விளையாட்டை நடத்தும். விலையுயர்ந்த கார்டு சும்மா இருக்கும். புதிதாகக் கார்டு பொருத்தியவர்களிடம் இப்பிழை அடிக்கடி காணப்படுகிறது.

இரண்டாவது, வேக வரம்பு. திரையின் புதுப்பித்தல் வேகத்துடன் படங்களை இணைக்கும் வி-சிங்க் என்னும் அமைப்பு இயங்கினால், 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் 60 படங்களுக்கு மேல் வாரா. சில விளையாட்டுக்களில், கார்டு 60ஐ எட்டச் சற்றே தவறினாலும் வேகம் ஒரேயடியாக 30க்கு இறங்கிவிடும். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கிய பின்னும் விண்டோஸ் அமைப்பு 60 ஹெர்ட்ஸிலேயே நின்றுவிடுவதும் உண்டு. இவை பழுதுகள் அல்ல. அமைப்பை மாற்றினால் சரியாகும்.

மூன்றாவது, பிராசஸர். டாஸ்க் மானேஜர் காட்டும் பிராசஸரின் மொத்தச் சதவிகிதம் 30ஆக இருப்பினும், அதன் பல கோர்களுள் ஒன்று மட்டும் முழு அளவில் உழைத்துக்கொண்டிருக்கலாம். விளையாட்டின் வேகம் பெரும்பாலும் அந்த ஒன்றையே சார்ந்திருக்கும். ஆகவே ஒவ்வொரு கோரின் அளவையும் தனித்தனியே நோக்க வேண்டும். பிராசஸரும் உஷ்ணத்தால் வேகம் குறையும் தன்மையது என்பதையும் மறத்தலாகாது.

நான்காவது, ராம் என்னும் நினைவகம். டி.டி.ஆர்.4 வகையில் 3200 என்று குறிக்கப்பட்ட ஒரு ராம் பலகை மட்டும் இருந்தால் வினாடிக்கு 25.6 கிகாபைட் செய்தி செல்லலாம். ஒரே வகையான இரண்டு பலகைகளை உரிய துளைகளில் பொருத்தினால் அது 51.2 கிகாபைட்டாகிறது. மேலும், மதர்போர்டின் பயாஸ் அமைப்பில் எக்ஸ்.எம்.பி. என்பதை இயக்காவிடில், 3200 என்று விற்கப்பட்ட பலகை அதனினும் குறைந்த வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும்.

கார்டு தானே வேகத்தைக் குறைக்கும்பொழுது

வேலைச் சதவிகிதம் 95க்கு மேல் இருந்தும் படங்கள் குறைந்தால், கார்டின் மெகாஹெர்ட்ஸ் வேகத்தை நோக்க வேண்டும். 2012ஆம் ஆண்டு முதல் என்விடியா கார்டுகளில், உஷ்ணமும் மின்சாரமும் இடங்கொடுக்கும் அளவிற்கு வேகத்தைத் தானே உயர்த்தியும் தாழ்த்தியும் கொள்ளும் ஏற்பாடு உள்ளது. பிற கம்பெனிகளின் கார்டுகளும் இவ்வாறே இயங்குகின்றன. உஷ்ணநிலை ஒரு வரம்பை நெருங்கியதும் கார்டு தன்னைக் காத்துக்கொள்ளும்பொருட்டு வேகத்தைக் குறைக்கிறது. பல என்விடியா கார்டுகளில் இவ்வரம்பு 83 டிகிரி அளவில் வைக்கப்பட்டிருந்தது. எனவே கோடையில் தளரும் கார்டு கெட்டுப்போனது என்று கூற இயலாது. அது தன் பாதுகாப்பு விதியின்படியே நடந்துகொள்கிறது.

இதன் பின்னுள்ள பௌதிகம் எளியது. கார்டில் உண்டாகும் உஷ்ணத்தை உலோகத் தகடுகளும் விசிறிகளும் அறைக் காற்றுக்கு மாற்றுகின்றன. உஷ்ணம் பாய்வதற்கு, கார்டுக்கும் காற்றுக்கும் இடையே உஷ்ணநிலை வேறுபாடு இருத்தல் வேண்டும். குறிப்பிட்ட உழைப்புக்கும் விசிறி வேகத்துக்கும் இவ்வேறுபாடு ஏறக்குறைய மாறாதிருக்கும். ஜனவரியில் அறை 24 டிகிரியில் இருக்கையில் கார்டு 68 டிகிரியில் நின்றதெனில் வேறுபாடு 44 டிகிரி. மொட்டை மாடிக்குக் கீழுள்ள மூடிய அறை ஏப்ரலில் 38 டிகிரியை அடைந்தால், கார்டில் எவ்வித மாற்றமும் நேராமலேயே அது 82 டிகிரிக்கு வந்துவிடும். இதனுடன் தகடுகளிடையே தூசி அடைந்து வேறுபாடு 50 டிகிரியாக உயர்ந்தால், கணக்கின்படி 88 டிகிரியாகும். கார்டு அதை அனுமதிக்காது. தன் வேகத்தைக் குறைத்து, உண்டாகும் உஷ்ணத்தையே குறைத்துக்கொள்ளும். திரையில் படங்கள் குறைவது இதனாலேயே.

ஆகவே கோடையையும் குளிர்காலத்தையும் ஒப்பிடும்பொழுது, கார்டின் உஷ்ணநிலையை மட்டும் ஒப்பிடுவது பிழையாகும். ஒப்பிடவேண்டியது அறைக்கும் கார்டுக்கும் உள்ள வேறுபாடு. வேறுபாடு முன்போலவே இருந்தால் குற்றம் பருவத்தினுடையது. வேறுபாடு உயர்ந்திருந்தால் கார்டு சுத்தம் செய்யப்பட வேண்டும்.

பரிகாரம்

கேபினெட்டின் பக்கக் கதவை எடுத்துவிட்டு அதே காட்சியைப் பதினைந்து நிமிஷம் நடத்திப் பார்க்கலாம். உஷ்ணநிலை பல டிகிரி இறங்கினால், கேபினெட்டினுள் காற்றோட்டம் போதவில்லை என்பது தெளிவு. சுவரை ஒட்டியோ மேஜை அறையினுள்ளோ வைத்த கேபினெட்டை வெளியே நகர்த்துவதும், முன்புறத்தில் ஒரு விசிறி சேர்ப்பதும் குறைந்த செலவில் முடிபவை.

தூசி நீக்குமுன் மின்சார இணைப்பை முற்றிலும் துண்டிக்க வேண்டும். புளோயரால் ஊதும்பொழுது விசிறியின் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். கட்டுப்பாடின்றிச் சுழன்றால் அதன் அச்சு பழுதாகக்கூடும். ஈரத்துணி கூடாது. கார்டைத் தொடுமுன் கேபினெட்டின் உலோகப் பகுதியைத் தொட்டு, உடலில் தேங்கிய நிலைமின்சாரத்தை நீக்கிக்கொள்வது நலம்.

பல ஆண்டுகள் உழைத்த கார்டில், சில்லுக்கும் உலோகத்துக்கும் இடையேயுள்ள தெர்மல் பேஸ்ட் உலர்ந்துபோயிருக்கலாம். தூசி நீக்கிய பின்னும் வேறுபாடு குறையாவிடில் அதை மாற்ற வேண்டும். இதனை அனுபவமுள்ளவரிடம் விடுவதே தக்கது. உத்தரவாதக் காலம் முடியாத கார்டாயின் முதலில் விற்றவரைக் கலந்துகொள்ள வேண்டும்.

ஹைதராபாத் வீடுகளில் கோடையில் பயன்படும் ஏர்கூலர், வறண்ட ஏப்ரல் காற்றில் அறையைக் கணிசமாகக் குளிர்விக்கும். அதனால் கார்டும் பயனடையும். எனினும் கூலரின் காற்றைத் திறந்த கேபினெட்டினுள் நேராகச் செலுத்துவது அபாயம். அக்காற்றுடன் நீர்த்துளிகள் வந்து மின்சாதனத்தைக் கெடுக்கக்கூடும்.

மின்சாரமும் பாதையும்

கார்டு செருகப்படும் மதர்போர்டுத் துளை அதிகபட்சம் 75 வாட் வழங்கவல்லது. அதற்கு மேற்பட்ட தேவையை எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து வரும் தனிக் கேபிள்கள் நிறைவேற்றுகின்றன. ஆறு ஊசிக் கேபிள் 75 வாட்டுக்கும், எட்டு ஊசிக் கேபிள் 150 வாட்டுக்கும் விதிக்கப்பட்டவை. 2021இல் வெளிவந்த ஆர்.டி.எக்ஸ். 3060 கார்டின் தேவை 170 வாட். எஸ்.எம்.பி.எஸ். பலவீனமாயின் கம்ப்யூட்டர் பெரும்பாலும் திடீரென்று அணைந்துபோகும். அவ்வாறு அணைவது வேகக் குறைவினின்றும் வேறான அறிகுறி என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

மடிக்கணினிகளின் நிலை வேறு. பேட்டரியில் இயங்கும்பொழுது கார்டின் மின்சாரம் வெகுவாகக் கட்டுப்படுத்தப்படும். ஆகவே சோதனையை அதற்குரிய அடாப்டரைச் செருகியே நடத்த வேண்டும். மேலும், மடிக்கணினிக்குரிய ஆர்.டி.எக்ஸ். 3060 சில்லு, தயாரிப்பாளரின் விருப்பப்படி 60 வாட் முதல் 115 வாட் வரை அமைக்கப்பட்டது. ஒரே பெயர் தாங்கிய இரு மடிக்கணினிகளின் வேகம் வேறுபடுவதற்கு இது ஒரு காரணம்.

கார்டுக்கும் பிராசஸருக்கும் இடையேயுள்ள பாதையின் அகலமும் கவனிக்கத்தக்கது. பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் என்னும் இப்பாதையில், ஒவ்வொரு புதிய தலைமுறையிலும் ஒரு தடத்தின் வேகம் சுமார் இரு மடங்காகியுள்ளது. 2022 ஜனவரியில் வந்த ஏ.எம்.டி. ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.டி. கார்டு நான்கு தடங்களை மட்டுமே பயன்படுத்துகிறது. நான்காம் தலைமுறை மதர்போர்டில் அது போதுமாயினும், மூன்றாம் தலைமுறைப் பழைய மதர்போர்டில் பாதையின் வேகம் பாதியாகி, சில விளையாட்டுக்களில் கார்டு பின்தங்குகிறது. அக்கார்டின் சொந்த நினைவகம் 4 கிகாபைட் மட்டுமே ஆதலால் இக்குறை மிகுந்து தோன்றும். நினைவகம் நிரம்பியபின் மிகுந்த செய்திகள் கம்ப்யூட்டரின் ராமிலிருந்து இப்பாதை வழியே வரவேண்டியதாகும். காட்சி விட்டுவிட்டு நிற்கும். விளையாட்டில் டெக்ஸ்சர் அளவை ஒரு படி குறைத்தால் இத்தடுமாற்றம் நீங்குகிறதா என்று பார்த்து இதனை உறுதி செய்யலாம்.

டிரைவரும் பழைய கார்டும்

புதிய டிரைவரை நிறுவிய நாள் முதல் வேகம் குறைந்திருப்பின், முந்திய பதிப்பிற்குத் திரும்பி ஒப்பிட வேண்டும். எனினும் டிரைவரை மாற்றியவுடன் சில விளையாட்டுக்கள் தம் வரைபடக் கட்டளைகளை மீண்டும் தொகுத்துக்கொள்வதால், முதல் சில நிமிஷங்கள் தடுமாறுவது இயல்பு. அந்நிமிஷங்களைக் கணக்கில் சேர்க்கலாகாது.

பழைய கார்டு வாங்குவோர் இரு விஷயங்களில் எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும். 2022 செப்டம்பரில் ஈத்தீரியம் என்னும் டிஜிட்டல் நாணயத்தின் கணக்கீட்டு முறை மாறியபின், அதற்காக இரவு பகலாக உழைத்த கார்டுகள் உலகெங்கும் பழைய பொருளாக விற்பனைக்கு வந்தன. இவை எல்லாம் கெட்டவை அல்ல. ஆனால் விசிறியும் பேஸ்ட்டும் தேய்ந்திருக்கக்கூடும். மற்றொன்று போலிகள். பழைய சில்லின் உள்மென்பொருளை மாற்றி, புதிய கார்டின் பெயரில் விற்கும் மோசடி உண்டு. ஜி.பி.யூ-இஸட் என்னும் இலவச மென்பொருள் 2018 முதல் இத்தகைய போலிகள் பலவற்றை இனங்காட்டி வருகிறது. பணம் கொடுக்குமுன் அதை ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது நன்று.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்

மேற்கூறிய சோதனைகள் பயன்தர வேண்டுமெனில் ஓர் ஒழுங்கு தேவை. தூசி நீக்கி, டிரைவரையும் மாற்றி, ராமும் சேர்த்தபின் வேகம் உயர்ந்தால், எதனால் உயர்ந்தது என்று எவராலும் கூற இயலாது. ஒரு நேரத்தில் ஒரே மாற்றம் செய்ய வேண்டும். ஒரே விளையாட்டின் ஒரே காட்சியை, கார்டு நன்கு சூடேறிய பின், மும்முறை ஓட்டிச் சராசரி காண வேண்டும். தேதி, நேரம், அறை உஷ்ணநிலை, நான்கு அளவுகள், செய்த மாற்றம் ஆகியவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்துவர வேண்டும். பள்ளி ஆய்வுக்கூடத்தில் பௌதிகப் பரிசோதனைக்குக் கூறப்படும் விதிகளும் இவையே. மாணவர்கள் விருப்பத்துடன் ஈடுபடும் பொருளைக் கொண்டே உஷ்ணப் பரிமாற்றத்தையும் அளவீட்டு முறையையும் கற்பிக்க ஆசிரியர்களுக்கு இது நல்லதொரு வாய்ப்பாகும்.

முதலில் கூறிய மாணவனின் நோட்டுப் புத்தகம் இவ்வாறு அமையலாம். வேலைச் சதவிகிதம் 98. உஷ்ணநிலை வரம்பில் நிற்கிறது. மெகாஹெர்ட்ஸ் வேகம் ஜனவரி அளவினின்றும் வெகுவாகக் குறைந்துள்ளது. இம்மூன்றும் ஒருங்கே காணப்படின் தீர்ப்பு ஐயத்திற்கிடமின்றி உஷ்ணத்தின்மீது விழுகிறது. தூசி நீக்கி, கேபினெட்டைச் சுவரிலிருந்து விலக்கி, மாலையில் மீண்டும் அளந்தால், மெகாஹெர்ட்ஸும் படங்களும் பழைய நிலைக்குத் திரும்புவதைக் காணலாம்.

சில சமயம் முடிவு வேறாகவும் இருக்கும். கார்டு குளிர்ச்சியாயுள்ளது, முழு வேகத்தில் ஓடுகிறது, சதவிகிதமும் 98. எனினும் புதிய விளையாட்டில் படங்கள் போதவில்லை எனில், கார்டின் ஆற்றலே அவ்வளவுதான். முதலில் படத்தின் நுணுக்கத்தையும் நிழல் அமைப்புக்களையும் குறைத்துப் பார்க்கலாம். அதன் பின்னும் திருப்தி ஏற்படாவிடில் புதிய கார்டு வாங்குவது நியாயமே. அப்பொழுது குடும்பத்தார் செலவிடும் பணம் வதந்தியை நம்பிச் செலவிட்டதாகாது. தம் வீட்டுப் பிள்ளை அளந்து எழுதிய குறிப்பை நம்பிச் செலவிட்டதாகும்.